காற்றின் கணக்கில் எங்கட குசினியும் வரவேணும்

2022 டிசம்பர் 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகளுக்கு விடுமுறை. கடதாசி இல்லாமல் பரீட்சை தள்ளிப்போனதும், எரிபொருள் இல்லாமல் வகுப்புகள் நின்றதும் அதே வருடத்தில்தான். ஆனால் இந்த முறை சொல்லப்பட்ட காரணம் காற்று. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் சுழன்றுகொண்டிருக்க, அது இழுத்துவந்த வடக்குக் காற்றோடு இந்தியப் பெருநிலத்தின் புகையும் தூசும் எங்கட பக்கம் இறங்கின. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரைக்கும் வானம் சாம்பல் பூசினமாதிரிக் கிடந்தது. வடக்கிலும் கிழக்கிலும் குளிருக்குள் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்ததும் அந்த நாட்களில்தான்.

அந்த ரெண்டு மூன்று நாளும் காற்றுத் தரச் சுட்டெண் என்ற சொல் திடீரென்று எல்லாருடைய வாயிலும் வந்தது. போனைத் திறந்தால் சிவப்பு நிறத்தில் ஒரு எண். அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டார்கள். பிறகு மழை வந்தது, வானம் வெளித்தது, எண் இறங்கியது. "இந்தியாவில இருந்து வந்தது, போயிட்டுது" எண்டு கதையும் முடிஞ்சுது.

அந்த எண், காற்றை ஒரு அளவில் மட்டும் வைத்துப் பார்த்த எண். காற்று மாசுக்குப் பல அளவுகள் இருக்கு: நாடுகளைத் தாண்டி வாறது, நகரத்துக்குள் தங்கிறது, வீதியோரம் நிற்கிறது, குசினிக்குள் சூழ்கிறது. ஒவ்வொரு அளவிலும் புகை விடுகிறவர் வேறு, அதைச் சுவாசிக்கிறவர் வேறு, செய்யவேண்டிய வேலையும் வேறு. ஒரு அளவை மட்டும் பிடித்துக்கொண்டு கதைத்தால் மற்ற மூன்றிலும் பொறுப்பானவர்கள் சத்தமில்லாமல் தப்பிவிடுவார்கள். இலங்கையில், குறிப்பாக எங்கட பகுதிகளில், இதுதான் நடக்குது எண்டு நாங்கள் நினைக்கிறம்.

அந்த எண் எங்கேயிருந்து வருகுது?

எல்லா ஊரிலும் காற்றை அளக்கும் கருவி வைக்க ஏலாது. நல்ல கருவிக்கு விலை அதிகம். பராமரிக்க ஆளும் மின்சாரமும் வேணும். அதனால் ஒரு கருவிக்கும் அடுத்த கருவிக்கும் இடையிலுள்ள காற்றைக் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார்கள். அந்தக் கணக்குக்குப் பெயர்தான் கணினி மொடல். கருவியே இல்லாத ஊருக்கும் சில செயலிகள் எண் காட்டுவது இப்படித்தான்.

விஷயம் விளங்காத அளவுக்குச் சிக்கலானதில்லை. நிலத்தையும் கடலையும் சதுரப் பெட்டிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வாகனம், ஆலை, அடுப்பு, காட்டுத்தீ எல்லாம் சேர்ந்து எவ்வளவு புகை விடுகின்றன என்று ஒரு பட்டியல் கொடுக்கிறார்கள். பிறகு காற்று அதை எந்தப் பெட்டிக்குத் தள்ளுகிறது, வெயிலில் அது வேறென்ன இரசாயனமாக மாறுகிறது, மழை எவ்வளவைக் கழுவுகிறது, மண்ணிலும் இலையிலும் எவ்வளவு படிகிறது என்று கணினி மணித்தியாலம் மணித்தியாலமாகக் கணக்குப் போடுகிறது. செய்மதிப் படங்களையும் நிலத்துக் கருவிகளின் அளவீடுகளையும் வைத்து அந்தக் கணக்கைத் திருத்துகிறார்கள்.

இதில் பெட்டியின் அளவுதான் முக்கியம். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் சேவை உலகம் முழுவதற்கும் வெளியிடும் காற்று எதிர்வுகூறலில் ஒரு பெட்டியின் பக்கம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அதாவது ஒரு பெட்டி 1,600 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டம் முழுவதையும் கூட்டினாலே ஏறத்தாழ 1,025 சதுர கிலோமீற்றர்தான். யாழ் பஸ் நிலையத்துப் புகையும், காரைநகர்க் கடற்காற்றும், இடையில் கிடக்கிற தோட்டவெளியும் ஒரே பெட்டிக்குள் கலந்து ஒரே எண்ணாக வெளியே வரும். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது எந்த ஒரு மனிதரும் சுவாசிக்காத காற்றின் எண். ஒரு குடும்பத்தின் சராசரி வயது 31 என்று சொன்னால் அந்த வீட்டில் 31 வயசு ஆள் ஒருத்தரும் இல்லாமலும் இருக்கலாம் அல்லவா, அப்படி.

கடல் தாண்டி வாற காற்று

பெரிய பெட்டிகளால் நன்றாகத் தெரிகிற விஷயங்களும் இருக்கின்றன. விநாடிக்கு 5 மீற்றர் வேகத்தில் அடிக்கிற காற்று ஒரு நாளில் 430 கிலோமீற்றர் போகும். டெல்லிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,100 கிலோமீற்றர், அதாவது ஐந்து நாள் பயணம். 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த நுண்துகள், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். மழை கழுவாவிட்டால் அது ஒரு கிழமை அளவுக்கு வானில் மிதக்கும். அதனால் வாடைக்காற்றுக் காலத்தில் வட இந்தியாவின் வயல் எரிப்பும் செங்கல் சூளையும் எங்கட வானத்துக்கு வாறது ஆச்சரியமில்லை.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1999 ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வீரபத்திரன் இராமநாதனும் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் முன்னின்று நடத்திய இந்து சமுத்திரப் பரிசோதனையில், கப்பல், விமானம், மாலைதீவில் அமைத்த அவதானிப்பு நிலையம் என்று எல்லாவற்றையும் பயன்படுத்தி அளந்தார்கள். தெற்காசியாவிலிருந்து கிளம்பிய கபில நிறப் புகைமூட்டம் இந்து சமுத்திரத்தின் வடபகுதியில் பரந்து கிடந்ததைக் கண்டார்கள். அது நிலத்துக்கு வரும் சூரிய ஒளியையே குறைக்கிறது. சூரிய ஒளி குறைந்தால் கடலிலிருந்து ஆவியாகும் நீரும் குறையும், மழையின் போக்கும் மாறலாம். நெஞ்சுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை, வயலுக்கும் சேர்த்துத்தான்.

அதற்கு ஒரு வருடம் முந்தி, 1998இல், இலங்கை உட்படத் தெற்காசிய நாடுகள் மாலேயில் கூடி எல்லை தாண்டும் காற்று மாசு பற்றி ஒரு பிரகடனம் செய்தன. நல்ல பிரகடனம். ஆனால் யார் எவ்வளவு குறைக்கவேணும் என்று கட்டுப்படுத்தும் எந்த எண்ணும் அதில் இல்லை.

ஐரோப்பாவில் இதே கதை வேறுமாதிரி நடந்தது. 1960களின் கடைசியில் சுவீடனின் ஏரிகள் அமிலமாகி மீன்கள் சாகத் தொடங்கியபோது, ஸ்வாந்தே ஓடன் என்ற மண் விஞ்ஞானி அந்தக் கந்தகம் பிரித்தானியாவிலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது என்றார். "எங்கட புகை அவ்வளவு தூரம் வராது" என்றுதான் முதலில் பதில் வந்தது. 1979இல் ஜெனீவாவில் உடன்படிக்கை கையெழுத்தானது. பனிப்போர் நடக்கிற காலம், ஆனாலும் கிழக்கும் மேற்கும் ஒரே மேசையில் இருந்தன. 150 கிலோமீற்றர் பெட்டிகளை வைத்து, எந்த நாட்டுக் கந்தகம் எந்த நாட்டில் எவ்வளவு விழுகிறது என்று பொதுக் கணக்கு ஒன்றை உண்டாக்கினார்கள். 1985 நெறிமுறையில் எல்லாருக்கும் ஒரே மாதிரி 30 சதவீதக் குறைப்பு. 1994இல் அதையும் தாண்டி, ஒஸ்திரியாவிலுள்ள ஆய்வு நிறுவனம் ஒன்றின் மொடலை வைத்து, எந்த நாடு எவ்வளவு குறைத்தால் எந்தக் காடும் ஏரியும் பிழைக்கும் என்று பார்த்து, நாட்டுக்கு நாடு வேறு இலக்கு வைத்தார்கள். 1980உடன் ஒப்பிட்டால் ஐரோப்பாவின் கந்தகப் புகை இன்று 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது.

அந்த மொடல்கள் பிழையில்லாதவை என்பதால் இது நடக்கவில்லை. சண்டை பிடிக்கிற எல்லாத் தரப்பும் ஒரே கணக்குப் புத்தகத்தை ஏற்றுக்கொண்டதால் நடந்தது. தெற்காசியாவிடம் அப்படி ஒரு புத்தகம் இல்லை. அது இல்லாதவரைக்கும் "இந்தியாவில இருந்து வந்தது" என்பது வெறும் பெருமூச்சுத்தான். அதை வைத்து யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. டிசம்பரில் சில நாட்கள் வெளியிலிருந்து வாற புகை, வருடத்தின் மற்ற நாட்களில் நாங்களே விடுகிற புகைக்கு மறைப்பாகிவிடுகிறது.

மலையும் புகைக்கூண்டும்

கண்டியை எடுங்கோ. மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம். சுற்றுவட்டாரத்து வாகனமெல்லாம் அந்தச் சின்ன நகரத்துக்குள்தான் வந்து நெரிபடும். இரவில் குளிர்ந்த காற்று கிண்ணத்தின் அடியில் தங்கி, மேலே இருக்கிற சூடான காற்று மூடிமாதிரி அடைத்துவிட்டால், காலைப் பாடசாலை நேரத்துப் புகைக்கு வெளியேற வழியில்லை. கண்டியின் காற்று கெட்டுப்போகிறது என்று பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் 40 கிலோமீற்றர் பெட்டியில் ஹந்தானை மலையும் கண்டிப் பள்ளமும் ஒரே சராசரி உயரம். கிண்ணமே இல்லையென்றால் கிண்ணத்துக்குள் தங்கிய புகை எப்படித் தெரியும்? அங்கே ஒரு கிலோமீற்றர் அளவுப் பெட்டி வேணும். பெரிய மொடலுக்குள் சின்ன மொடலை வைத்து, வெளியிலிருந்து வாறதைப் பெரியதிடம் கேட்டு, உள்ளே நடப்பதைச் சின்னதில் கணக்குப் பார்ப்பார்கள். பெரிய சட்டிக்குள் சின்னச் சட்டி அடுக்கிறமாதிரி.

அடுத்தது நுரைச்சோலை. 300 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள், மொத்தம் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம். சுற்றியிருக்கிற கற்பிட்டி மக்கள் நிலக்கரித் தூசும் சாம்பலும் பற்றி வருடக்கணக்காக முறைப்பாடு செய்துவருகிறார்கள். அது பக்கத்து ஊர் அளவில் நடக்கிற பாதிப்பு. உயரமான புகைக்கூண்டால் போகிறது அதற்கும் அப்பால் போய் இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடற்காற்று உள்நாட்டை நோக்கி அடிக்கும். அப்போது புகை எங்கே, எவ்வளவு இறங்குகிறது என்பதை அங்கே வாழ்கிற மக்களுக்கு அவர்களுடைய மொழியில் சொல்லவேண்டியது கடமை.

உயரமாகக் கட்டினால் பிரச்சினை போகாது, இடம் மாறும். 1952 டிசம்பரில் லண்டனில் புகைமூட்டம் ஐந்து நாள் நின்றபோது முதலில் 4,000 பேர் இறந்ததாகச் சொன்னார்கள். பின்னாளைய மதிப்பீடுகள் 12,000 வரை போகின்றன. 1956இல் சுத்தமான காற்றுச் சட்டம் வந்தது. மின்நிலையங்களுக்கு உயரமான புகைக்கூண்டுகள் எழுந்தன. நகரத்தின் காற்று தெளிந்தது. சுவீடன் ஏரிகளில் விழுந்த கந்தகத்தில் அந்தப் புகைக்கூண்டுகளின் பங்கும் இருந்தது.

பயிர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கு. வாகனப் புகையிலிருந்து வாற நைதரசன் ஒட்சைட்டு, வெயிலில் மற்ற வாயுக்களோடு சேர்ந்து ஓசோனாக மாறும். அது நகரத்துக்குள்ளே உச்சத்துக்கு வராமல், காற்றுப்போக்கில் கிலோமீற்றர்கள் தள்ளி, தோட்டங்களுக்கு மேலேதான் கூடும். ஓசோன் இலைக்குள் புகுந்தால் விளைச்சல் குறையும். போஞ்சி இதில் மிகவும் மென்மையான பயிர்; இலையில் சின்னச் சின்னப் புள்ளிகள் விழும். மரக்கறித் தோட்டக்காரர் அதை ஒரு நோய் என்று நினைத்து மருந்தடிப்பார். நகரத்து டீசலுக்கும் அவருடைய கடனுக்கும் உள்ள தொடர்பு நகரத்துக்குள் மட்டும் கருவி வைத்தால் தெரியாது.

வீதியோரத்துப் பிள்ளை

லண்டனின் தென்கிழக்கில், நெரிசலான ஒரு பெருவீதிக்குப் பக்கத்தில் எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற பிள்ளை வாழ்ந்தாள். கடுமையான ஆஸ்துமா. மூன்று வருடத்துக்குள் முப்பது தடவைக்குக் கிட்ட வைத்தியசாலைக்குப் போனாள். 2013 பெப்ரவரியில், ஒன்பது வயதில் இறந்தாள். 2014இல் நடந்த முதல் மரண விசாரணையில் காற்று மாசு பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. அவளுடைய தாய் ரோசமண்ட் விடவில்லை. வீட்டுக்கு ஏறத்தாழ ஒரு மைல் தூரத்திலிருந்த கருவியின் பதிவுகளை எடுத்து, மாசு கூடின நாட்களையும் எலா வைத்தியசாலைக்குப் போன நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேற். அந்த அறிக்கையை வைத்துத்தான் உயர்நீதிமன்றம் முதல் விசாரணை முடிவை ரத்துச் செய்தது. 2020 டிசம்பரில் இரண்டாவது விசாரணை முடிவில், அவளுடைய மரணத்துக்கான காரணங்களில் ஒன்றாகக் காற்று மாசு எழுதப்பட்டது. பிரித்தானியாவில் அது முதல் தடவை.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், வெளிக்காற்றும் வீட்டுக்குள் புகையும் சேர்ந்து வருடத்துக்கு ஏறத்தாழ 67 லட்சம் பேரின் அகால மரணத்துக்குக் காரணமாகின்றன. அந்தத் தொகை எப்படி வருகிறது? ஒரு இடத்தில் எவ்வளவு நுண்துகள், அங்கே எத்தனை பேர், அவர்களுக்கு இருதய நோயும் பாரிசவாதமும் நுரையீரல் நோயும் சாதாரணமாக எவ்வளவு, நுண்துகள் அந்த ஆபத்தை எத்தனை மடங்கு கூட்டுகிறது: இந்த நாலையும் பெருக்கித்தான். கடைசி எண் நீண்டகால ஆய்வுகளிலிருந்து வாறது. 1993இல் வெளியான ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வு அதில் முக்கியமானது. 8,111 பேரைப் பதினாலு, பதினாறு வருடம் தொடர்ந்து பார்த்ததில், ஆறு நகரங்களிலும் அதிகம் மாசான நகரத்தில் மரண வீதம் ஆகச் சுத்தமான நகரத்தை விட 26 சதவீதம் அதிகம். புகைப்பழக்கம், படிப்பு, உடல் எடை எல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் அப்படி.

ஆனால் இந்தக் கணக்கில் இறந்தவர்களுக்குப் பெயர் இல்லை. வீதி அளவுக்குக் கணக்கு இறங்கி வந்தபோதுதான் ஒரு பிள்ளையின் பெயர் வந்தது. பெருவீதியிலிருந்து சில நூறு மீற்றர் தள்ளிப்போனாலே வாகன மாசு நல்லாய்க் குறைந்துவிடும். அப்படியெண்டால் கொழும்பு புறக்கோட்டையில் நடைபாதையில் கடை போட்டிருக்கிறவர், நாள் முழுக்க ஓட்டோவுக்குள் இருக்கிற அண்ணை, சந்தியில் நிற்கிற பொலிஸ்காரர், பிரதான வீதியோரப் பாடசாலையில் படிக்கிற பிள்ளைகள், இவர்கள் சுவாசிக்கிறது வேறு காற்று. நகரச் சராசரி அவர்களுக்குப் பொருந்தாது.

ஆகச் சின்னப் பெட்டி

இனி யாரும் மொடல் போடாத பெட்டிக்கு வருவம். குசினி.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான வீடுகளில் சமையல் விறகில்தான். பிறகு காஸ் கொஞ்சம் பரவியது. 2021 கடைசியில் காஸ் சிலிண்டர் வெடிப்புகள், 2022இல் காஸே இல்லாத வரிசைகள், அதன் பிறகு விலை. எத்தனை வீடுகள் திரும்பவும் விறகுக்குப் போயின எண்டு உங்கட ஊரில் எண்ணிப் பாருங்கோ. விறகடுப்பு எரிகிற, புகை போக வழியில்லாத குசினியில் நுண்துகள் ஒரு கனமீற்றருக்குப் பல நூறு மைக்ரோகிராம் வரை ஏறும். பாடசாலைகளை மூடவைத்த அந்த டிசம்பர்க் காற்றையும் மிஞ்சிற காற்று அது. அதற்கு ஒருத்தரும் லீவு விடுவதில்லை.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் குசினி புறம்பாக இருக்கும். புகை வீட்டுக்குள் வராது, ஆனால் சமைக்கிற அம்மாவின் நெஞ்சுக்குள் போகும். மலையகத்து லயன் அறைகளில் அந்தப் பிரிப்பும் இல்லை. சமைக்கிறதும் படிக்கிறதும் கைக்குழந்தை படுக்கிறதும் ஏறத்தாழ ஒரே இடத்தில். அங்கே ஒரு பாட்டிக்கு நீண்டகால நுரையீரல் நோய் வந்தால் "வயசு போனதால இழுப்பு" என்று சொல்லிவிடுவார்கள். வாழ்நாளில் ஒரு சிகரெட்டும் தொடாதவராக இருப்பார்.

இன்னொரு பக்கமும் இருக்கு. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. மின்சாரம் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. காற்று மாசின் பாதிப்பு வருடக்கணக்கில் சேர்ந்து வாறது என்று ஆய்வுகள் சொல்லும்போது, இந்தத் தலைமுறையின் நெஞ்சுக்குள் சேர்ந்ததை யார் கணக்கெடுத்தது? யுத்தத்தின் பாதிப்பைப் பற்றி நிறையக் கதைக்கிறம். இதையும் அதில் சேர்த்துக் கதைக்கவேணும்.

பட்டியலில் இல்லாதவர்கள்

மொடலுக்கு முதலில் கொடுக்கிற புகைப் பட்டியல் பற்றிச் சொன்னம். அரசியல் அங்கேதான் இருக்கு. பட்டியலில் இல்லாத புகை மொடலில் இல்லை. மொடலில் இல்லாத புகைக்குக் கொள்கையும் இல்லை. வாகனத்துக்குப் பதிவு இருக்கு, மின்நிலையத்துக்கு நிலக்கரிக் கணக்கு இருக்கு, அதனால் அவற்றை எழுதுவது சுகம். பின்னேரம் வளவுக்குள் சருகோடு சேர்த்துக் கொளுத்துகிற பொலித்தீன், பிரதேச சபைக் குப்பைமேட்டில் தானாகப் பற்றி எரிகிற தீ, அரிசி ஆலை உமி, செங்கல் சூளை, கல்லுடைக்கிற இடத்துத் தூசு, இதையெல்லாம் ஊருக்குள் இறங்கி எண்ணினால்தான் எழுதலாம். ஊருக்கு வெளியே இருந்து எழுதுகிற பட்டியல் சனத்தொகையை வைத்து ஊகித்துப் பிரித்துவிடும்.

அளவுகோலும் ஒரு பிரச்சினை. இலங்கையின் 2008 நியமத்தின்படி நுண்துகள் ஒரு நாளில் கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம் வரையும், வருடச் சராசரியில் 25 வரையும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலில் அவை 15, 5. ஒரே காற்று 40 மைக்ரோகிராமில் இருந்தால், எங்கட சட்டப்படி பரவாயில்லை, அவர்களுடைய கணக்கில் ரெண்டரை மடங்குக்கு மேல். நெஞ்சுக்குச் சட்டம் தெரியாது.

"இதெல்லாம் பணக்கார நாடுகளின் வேலை, எங்களுக்கு முதல்ல சாப்பாடு" என்று சொல்கிறவர்களின் கவலை நியாயம். ஆனால் இந்த நாடு 2002இல் ஈயம் கலந்த பெற்றோலை நிறுத்தியது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனையைத் தொடங்கியது. பணக்கார நாடாக இருந்துகொண்டு செய்யவில்லை. வைத்தியசாலை வாசலில் நெபியுலைசருக்குக் காத்திருக்கிற குடும்பம் இழக்கிறதும் சாப்பாட்டுக் காசுதான்.

"விறகு எரிக்கிற ஏழைகளைக் குற்றம் சொல்லப் போறியளோ?" என்றும் கேட்கலாம். இல்லை. ஒரு அம்மா குசினிப் புகையைத் தானாகத் தெரிவு செய்யவில்லை. காஸ் விலையும், வீட்டுத்திட்டத்தில் புகைபோக்கி இல்லாமல் கட்டிக்கொடுத்த குசினியும், லயனும் அவருக்காகத் தெரிவு செய்தன. கணக்கில் சேர்க்கச் சொல்வது அந்தப் பொறுப்பை உரியவர்களிடம் கொடுப்பதற்குத்தான்.

என்ன கேட்கலாம்?

முதலாவது, அளவீடுகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் அளப்பவை மணித்தியாலக் கணக்கில், பழைய பதிவுகளோடு, தமிழிலும் எல்லாரும் எடுக்கக்கூடியதாக இருக்கவேணும். கிடைக்காதவற்றைக் கேட்க 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. ஒரு கடிதம் எழுதுவது பெரிய வேலையில்லை.

இரண்டாவது, ஊர் மட்டத்துப் புகைப் பட்டியல். ஒரு பிரதேச சபைப் பிரிவில் எத்தனை விறகடுப்பு, எத்தனை சூளை, எங்கே குப்பை எரிகிறது என்று எண்ண, கணினியை விட நடக்கிற கால்தான் முதலில் வேணும். பல்கலைக்கழக மாணவர்கள், வாசிகசாலைகள், விளையாட்டுக் கழகங்கள் சேர்ந்தால் முடியும். மொடல் போடுகிறவர்களுக்கு அது பொன் மாதிரி.

மூன்றாவது, வைத்தியசாலைப் பதிவுகள். இழுப்போடு வருகிறவர்களின் எண்ணிக்கையை, பெயர் விவரம் இல்லாமல், நாள்வாரியாக அந்த நாளின் காற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவேணும். எலாவுக்குச் செய்தது அதுதான்.

நான்காவது, புதிதாக வாற ஆலையும் மின்நிலையமும். 1988இலிருந்து சுற்றாடல் தாக்க மதிப்பீடு எங்கட சட்டத்தில் இருக்கு. பொதுமக்கள் கருத்துச் சொல்லவும் இடமிருக்கு. புகை எந்தப் பருவத்தில் எந்த ஊரில் இறங்கும் என்ற வரைபடம் அந்த அறிக்கையில், விளங்கிற தமிழில் இருக்கிறதா என்று பார்க்கவேணும். இல்லையென்றால் எழுதிக் கேட்கவேணும்.

மலிவான கருவி வாங்கி வீட்டில் மாட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மாட்டலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கோ: எங்கட ஈரப்பதமான காற்றில் அந்தக் கருவிகள் உண்மையை விடக் கூட்டிக் காட்டும். நல்ல கருவி ஒன்றின் பக்கத்தில் சில நாள் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அதன் எண்ணை வைத்துக் கதைக்கலாம். ஆனால் குசினியில் ஒன்று, முற்றத்தில் ஒன்று, வீதியோரம் ஒன்று வைத்து எது கூட, எது குறைய என்று பார்க்க அதுவே போதும்.

வாடைக்காற்றுக் காலம் ஒவ்வொரு வருடமும் வரும். இனி ஒரு முறை போனில் சிவப்பு எண் தெரிஞ்சால், அதை ஸ்டேட்டஸ் போடுறதோடு நிற்காமல் ரெண்டு கேள்வி கேளுங்கோ: இந்த எண் எவ்வளவு பெரிய பெட்டியின் சராசரி? அந்தப் பெட்டிக்குள் ஆகக் கூடச் சுவாசிக்கிறது யார்? ரெண்டாவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் எங்கட வீட்டுக்குள்ளேயே, அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்.